கால் நீட்ட ஓர் இடம்

“படி ஏறுவீங்களா, சமதரையில மட்டும் நடப்பீங்களா, இல்ல நடக்கவே முடியாதா?”

விமான நிலையக் கவுன்ட்டரில் இருந்த பெண் இப்படிக் கேட்டதும் மீட்டரம்மா கைப்பையை இறுக்கிப் பிடித்தாள். முந்தின நாள்தான் நாற்பத்தொரு வீடுகளின் படியேறி இறங்கியிருந்தாள். வீடு வீடாகப் போய் மின்சார மீட்டரைப் பார்த்து அளவு குறித்து வருவது அவள் வேலை. இருபத்தாறு வருடமாகச் செய்கிறாள். லிஃப்ட் இருக்கும் கட்டடத்திலும் படியில்தான் போவாள். லிஃப்டுக்குக் காத்திருக்கும் நேரத்தில் இரண்டு மாடி முடித்துவிடலாம் என்பாள்.

இப்போது அவள் ஒரு சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் கைப்பை. முழங்காலுக்கு மேல் ஒரு சால்வை.

முட்டிவலி என்று மட்டும் சொன்னால் போதும் என்றுதான் மாப்பிள்ளை சொல்லிக் கொடுத்திருந்தான். நாற்காலி கேட்பவர்களில் மூன்று வகை உண்டு என்று அவனுக்கும் தெரியாது. மீட்டரம்மா ஒரு நொடி யோசித்தாள். மீட்டரில் தில்லுமுல்லு செய்பவர்களை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். அரைகுறையாகப் பொய் சொல்பவர்கள்தான் மாட்டிக்கொள்வார்கள். சொல்வதை முழுசாகச் சொல்பவர்களை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

“நடக்கவே முடியாதும்மா,” என்றாள்.

கவுன்ட்டர் பெண் தலை நிமிர்ந்து ஒருமுறை பார்த்தாள். பிறகு கணினியில் எதையோ தட்டினாள். அவள் முகம் மாறவில்லை. மாறாததே மீட்டரம்மாவுக்குப் பயமாக இருந்தது.

மாப்பிள்ளைக்கு அவன் அலுவலகத்தில் ‘ஆஃபர்’ என்று பெயர். இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம் என்று எங்கேயாவது எழுதியிருந்தால் அவனால் அந்தக் கடையைத் தாண்டிப் போக முடியாது. மூன்று பேர் இருக்கும் வீட்டில் பதினோரு வாளிகள் இருந்தன. இப்போது விமான நிறுவனம் ஒன்று உள்நாட்டுப் பயணத்துக்குப் பாதி விலையில் டிக்கெட் தருகிறது என்றதும், மாமியாரைத் தன் ஊருக்கு அழைத்துப் போக அவனே நேரில் வந்துவிட்டான். மீட்டரம்மாவுக்கு இது முதல் விமானப் பயணம்.

பாதி விலை டிக்கெட்டில் சில சங்கடங்கள் இருந்தன. இருக்கையை நாம் தேர்ந்தெடுக்க முடியாது. கடைசி வரிசையில் கழிப்பறைக் கதவுக்குப் பக்கத்தில் இடம் விழலாம். முட்டி முன் இருக்கையில் இடிக்கும். ஏறுவதும் கடைசியில்தான். நாம் ஏறுவதற்குள் தலைக்கு மேலுள்ள பெட்டிகளெல்லாம் நிறைந்துவிடும். இதற்கெல்லாம் மாப்பிள்ளை ஒரு வழி கண்டுபிடித்திருந்தான்.

“சக்கர நாற்காலி இனாம் அத்தை. கேட்டா குடுத்தே ஆகணும். வரிசையில நிக்க வேண்டாம், முதல் ஆளா ஏத்துவாங்க. முதல் வரிசை, கால் நல்லா நீட்டிக்கலாம். தலையணை, போர்வை எல்லாம் நமக்குக் குடுத்துட்டுத்தான் மத்தவங்களுக்கு. கூட வர்ற ஆளுக்கும் பக்கத்து சீட்டு. எல்லாரும் பண்றதுதான்.”

“எனக்கு எதுக்கு மாப்பிள்ளை நாற்காலி? நான் நல்லாத்தானே இருக்கேன்.”

“நல்லா இருக்கறத யாரு இல்லேன்னா? ஒரு மணி நேரம் உக்காந்திருங்க. அவ்வளவுதானே.”

மகளிடம் தொலைபேசியில் முறையிட்டாள். மகள் அலுத்துக்கொண்டாள். “அம்மா, அவர் சொல்றபடி கேட்டுட்டு வாயேன். அவர் முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டார்னா ரெண்டு வாரம் பேச மாட்டார். அப்புறம் நான்தான் சுவத்தோட பேசிட்டு இருக்கணும்.”

மகளுக்காகத்தான் மீட்டரம்மா அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனவர் பெரிய மீசைக்காரர். நரைத்த மீசை, சீருடைச் சட்டையில் ஒரு பொத்தான் இல்லை. ஆள் அதிகம் பேசவில்லை. ஆனால் பாதி தூரம் போனதும் கேட்டார்.

“எவ்வளவு நாளாம்மா இப்படி?”

“ரெண்டு வருஷமா,” என்றாள் மீட்டரம்மா.

“ஆறு மாசமா,” என்றான் மாப்பிள்ளை, அதே நேரத்தில்.

சக்கரம் ஒருமுறை கிறீச்சிட்டு மெதுவானது.

“அதாவது, ரெண்டு வருஷமா வலி. ஆறு மாசமா சுத்தமா முடியல,” என்று மாப்பிள்ளை ஒட்டுப்போட்டான்.

“ஓ,” என்றார் மீசைக்காரர். கொஞ்ச தூரம் தள்ளினார். “செருப்பு நல்லாத் தேஞ்சிருக்கு. குதிகால் ஒரு பக்கமா இறங்கிப்போச்சு.”

மீட்டரம்மா பாதத்தை உள்ளே இழுத்துக்கொள்ளப் போனாள். நடக்க முடியாதவள் காலை இழுக்கலாமா கூடாதா என்று தெரியாமல் அப்படியே விட்டாள்.

“என் பொண்ணோட செருப்பு. பழசு.”

“அளவு சரியாப் பொருந்தியிருக்கு.”

அந்தக் குரல் அவளுக்கு நன்றாகத் தெரிந்த குரல். அவளே பேசுகிற குரல்தான். ‘ஊருக்குப் போயிருந்தீங்களா? இந்த மாசம் அளவு ரொம்பக் கம்மியா இருக்கே’ என்று சாதாரணமாகக் கேட்டபடி, மீட்டரின் சீல் உடைந்திருக்கிறதா என்று அவள் கண் தேடும். இன்று அந்த உடைந்த சீல் அவள் காலில் இருந்தது.

“நான் சும்மா கேட்டேம்மா,” என்றார் மீசைக்காரர். “டாக்டர் சீட்டு கேக்க எங்களுக்கு அதிகாரம் கிடையாது. உக்காந்தவங்களத் தள்ளணும், அதுக்குத்தான் சம்பளம். எங்களுக்குள்ள வேடிக்கையா ஒண்ணு சொல்லிக்குவோம். வானத்துல ஒரு வைத்தியர் இருக்காராம். இங்க ஏத்தும்போது கால் அசையாது. அங்க இறங்கினதும் பையைத் தூக்கிட்டு முதல் ஆளா ஓடுவாங்களாம்.”

மாப்பிள்ளை சிரித்தான். அந்தச் சிரிப்பு தேவைக்கு மேல் நீளமாக இருந்தது.

காத்திருக்கும் கூடத்தில் சுவரோரமாக நாற்காலிகளை வரிசையாக நிறுத்தினார்கள். மீட்டரம்மாவின் நாற்காலிதான் முதலாவது. பக்கத்தில் கோட்டுப் போட்ட ஒருவர் சக்கர நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். பாவம், என்ன வியாதியோ என்று அவள் நினைத்து முடிப்பதற்குள் அவர் எழுந்தார். விறுவிறுவென்று நடந்துபோய்ச் செய்தித்தாள் வாங்கி வந்து, மறுபடி நாற்காலியில் உட்கார்ந்து, பழையபடி முகத்தைச் சுருக்கிக்கொண்டார்.

மாப்பிள்ளை குனிந்து காதில் சொன்னான். “பாத்தீங்களா? எல்லாம் நம்ம கட்சிதான்.”

அது அவளுக்கு ஆறுதலாக இருந்தது. ஆறுதலோடு வேறொன்றும் வந்தது. கூடத்தில் யாரைப் பார்த்தாலும் நடிப்பது போலவே தெரிந்தது. ஊன்றுகோலோடு போனவர் அதைச் சரியான பக்கம்தான் ஊன்றுகிறாரா என்று கவனித்தாள். கையில் கட்டுப் போட்டிருந்தவர் அந்தக் கையாலேயே தலை சொறிவாரா என்று காத்திருந்தாள். தூரத்தில் தூணோரம் நின்ற மீசைக்காரர் தன்னையே பார்ப்பது போலவும் இருந்தது. இடது கால் மரத்துப்போயிருந்தது. உதறினால் பார்த்துவிடுவார். கழிப்பறைக்கும் போக வேண்டியிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அப்போதுதான் அந்தப் பெண் வந்தாள். இருபத்தைந்து வயதிருக்கும். அவள் அப்பா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார். அவள் தொலைபேசியில் யாரிடமோ சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். நன்றாக வாரிய தலை, புதுச் சட்டை. திறந்த செருப்புக்குள் கால் விரல்களில் சிவப்பு நகப்பூச்சு.

நடக்காத காலுக்கு நகப்பூச்சு எதற்கு என்று நினைத்தாள் மீட்டரம்மா.

“இதுவும் நம்ம கேஸ்தான்,” என்று முணுமுணுத்தான் மாப்பிள்ளை. “நம்மளவிட நல்லா நடிக்குது.”

ஏறுவதற்கு அரை மணி நேரம் இருக்கையில் சூப்பர்வைசர் ஒரு தாளோடு வந்தார். தூக்கம் கெட்ட முகம். அந்தப் பெண்ணின் அப்பாவிடம்தான் முதலில் போனார்.

“சார், ஒரு சிக்கல். இது சின்ன விமானம். நடக்கவே முடியாதவங்க ஒருத்தரைத்தான் ஏத்த முடியும். அவசரம்னா தூக்கி இறக்கணும், உள்ள வேலை பாக்கறவங்க ரெண்டே பேரு. உங்களுக்கு முன்னாடி கவுன்ட்டருக்கு வந்த அந்த அம்மா பேரு பதிவாயிருச்சு. நீங்க சாயங்கால விமானத்துல போயிருங்க.”

“போன வாரமே போன் பண்ணிச் சொன்னேனே சார். எழுதிக்கிட்டோம்னு சொன்னாங்களே.”

“சக்கர நாற்காலின்னு எழுதியிருக்கு. அப்படி இன்னைக்கு ஒன்பது பேரு இருக்காங்க. படி ஏறுவாங்களா மாட்டாங்களான்னு கவுன்ட்டர்லதான் கேப்போம்.”

அந்தப் பெண் தொலைபேசியை இறக்கினாள். “சார், அஞ்சு மணிக்குள்ள நான் ஆபீஸ்ல கையெழுத்துப் போடணும். எழுத்தர் வேலை. பரீட்சை எழுதி மூணு வருஷம் கழிச்சுக் கிடைச்சிருக்கு. இன்னைக்குச் சேரலேன்னா உத்தரவு ரத்துன்னு போட்டிருக்கு. பாருங்க.” கடிதத்தை நீட்டினாள்.

சூப்பர்வைசர் கடிதத்தைப் பார்த்தார். பிறகு அவள் காலைப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“தப்பா நினைக்காதீங்க. கொஞ்ச தூரம் பிடிச்சுக்கிட்டு நடக்க முடியுமா? ஒரு பத்து படி. முடியும்னா ஏத்திரலாம்.”

“முடியாது சார்.”

“நெசமாவே முடியாதா? ஏன் கேக்கறேன்னா, நேத்து நாலு பேரு முடியவே முடியாதுன்னாங்க. அங்க இறங்கி வாடகைக் காருக்கு ஓடினாங்க. எங்களுக்கும் யாரை நம்பறதுன்னு தெரியல.”

“நின்னு காட்டச் சொல்றீங்களா சார், விழுந்து காட்டச் சொல்றீங்களா?”

சூப்பர்வைசர் தாளைப் பார்த்துக்கொண்டார். அப்பா நெற்றியைத் துடைத்தார். “பொய் சொல்றவங்க சொல்லிட்டுப் போயிடறாங்க சார். நாங்க நெசத்தைச் சொன்னாக்கூட நம்பவைக்க வேண்டியிருக்கு.”

மீட்டரம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளையின் கை அவள் நாற்காலியின் பிடியில் இறுகியது. “அந்தப் பக்கம் பாக்காதீங்க அத்தை.”

அந்தப் பெண் தன் கையாலேயே சக்கரத்தை உருட்டிக்கொண்டு வந்து எதிரே நின்றாள்.

“அம்மா, உங்களுக்கு அவசரமா? சாயங்காலம் போனா பரவாயில்லையா?”

மீட்டரம்மா வாயைத் திறப்பதற்குள் மாப்பிள்ளை முந்திக்கொண்டான். “அவங்களுக்கு மத்தியானம் பெரிய டாக்டரைப் பாக்கணும். விட்டா இனி ரெண்டு மாசம் ஆகும்.”

 அந்தப் பெண் கடிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்தாள்.

“அப்படின்னா நீங்க போங்கம்மா. டாக்டரை விடக்கூடாது. ஆரம்பத்துல நாங்க விட்டுட்டோம், அதான் எனக்கு இப்படி ஆச்சு. கால்ல உணர்ச்சி இருக்கா உங்களுக்கு?”

“இருக்கு,” என்றாள் மீட்டரம்மா. அன்று அவள் சொன்ன முதல் உண்மை அது.

“அப்ப நல்லாயிருவீங்க. பயப்படாதீங்க.”

கவுன்ட்டர் பெண்ணும் நம்பவில்லை, மீசைக்காரரும் நம்பவில்லை. மொத்தக் கூடத்திலும் அவளை முழுசாக நம்பிய ஒரே ஆள் இந்தப் பெண்தான். அப்போதும் மீட்டரம்மாவின் மனம் நேராகவில்லை. இவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுக்கிறாளே, அப்படியானால் வேலைக் கதையும் பொய்யாக இருக்குமோ என்றுதான் ஓடியது. பொய்யாக இருந்துவிட்டால் தேவலை என்றும் இருந்தது.

பழைய இடத்துக்குத் திரும்பிவிட்ட மகளுக்குப் பக்கத்தில் அப்பா நின்று அலுவலகத்துக்குப் போன் போட்டுக் கெஞ்சிக்கொண்டிருந்தார். ஒரு கையில் தொலைபேசி, மறு கையில் அப்போதுதான் வாங்கிய காகிதக் கோப்பைத் தேநீர். “சார், ஒரே ஒரு நாள் சார். காலையில முதல் ஆளா வந்துருவோம் சார்.” எதிர்முனையில் என்ன சொன்னார்களோ, கோப்பையை மறந்து இரண்டு கையாலும் தொலைபேசியைப் பிடிக்கப் போனார். கோப்பை சாய்ந்தது.

ஆவி பறக்கும் தேநீர் முழுக்க அந்தப் பெண்ணின் வலது பாதத்தில் கொட்டியது.

அவள் கைப்பேசியில் யாருக்கோ செய்தி எழுதிக்கொண்டிருந்தாள். எழுதிக்கொண்டே இருந்தாள். நகப்பூச்சு போட்ட விரல்களுக்கிடையே சூடான தேநீர் வழிந்தது. பாதத்தின் மேல்தோல் சிவந்துகொண்டு வந்தது. அவள் தலை நிமிரவில்லை. அவளுக்குத் தெரியவில்லை.

“அய்யோ, கால் வேகுதும்மா.”

கத்தியது மீட்டரம்மாதான். கத்தியபோது அவள் நாற்காலியில் இல்லை. நான்கே எட்டில் குறுக்கே ஓடி, அந்தப் பெண்ணின் முன்னால் மண்டியிட்டு, செருப்பைக் கழற்றி எறிந்து, சால்வையால் பாதத்தை ஒற்றிக்கொண்டிருந்தாள். யாரோ கொடுத்த தண்ணீர்ப் போத்தலை வாங்கிப் பாதத்தின் மேல் ஊற்றினாள். அந்தப் பாதம் அவள் உள்ளங்கையில் கனமில்லாமல், குளிர்ந்து, அந்தச் சூட்டுக்கும் தனக்கும் சம்பந்தமில்லாதது போல் கிடந்தது.

அப்போதுதான் தான் நாற்காலியில் இல்லை என்பதை உணர்ந்தாள். நிமிர்ந்தாள். சூப்பர்வைசர் பார்த்துக்கொண்டிருந்தார். கோட்டுக்காரர் செய்தித்தாளை முகத்துக்கு நேராக உயர்த்திக்கொண்டார். பத்தடி தள்ளி அவளுடைய சக்கர நாற்காலி காலியாக நின்றது.

மாப்பிள்ளை ஓடிவந்தான். “அது வந்து சார், பதற்றத்துல சில நேரம் இப்படித் திடீர்னு வேகம் வரும். டாக்டரே சொல்லியிருக்கார். அத்தை, வந்து உக்காருங்க. வலிக்கும்.” அவள் முழங்கையைப் பிடித்தான். பிடியில் கெஞ்சலும் இருந்தது, மிரட்டலும் இருந்தது.

இன்னும் வழி இருந்தது. முகத்தைச் சுளித்துக்கொண்டு நொண்டி நொண்டிப் போய் உட்கார்ந்துவிட்டால், மேற்கொண்டு கேட்க யாருக்கும் அதிகாரமில்லை. முதல் வரிசை காத்திருந்தது. மகள் வீட்டில் இரண்டு வார மௌனமும் காத்திருந்தது.

மீட்டரம்மா முழங்கையை விடுவித்துக்கொண்டு எழுந்து நேராக நின்றாள்.

“சார், எனக்கு ஒரு வியாதியும் இல்ல. ஒரு நாளைக்கு நாப்பது வீட்டுப் படி ஏறுறவ நான். டாக்டரும் இல்ல, ஒண்ணும் இல்ல. கால் நீட்டி உக்காரணும்னு நாற்காலி கேட்டோம். என் பேரை அடிச்சிட்டு இந்தப் பொண்ணை ஏத்துங்க.”

“அத்தை,” என்றான் மாப்பிள்ளை.

“இருங்க மாப்பிள்ளை. எல்லாரும் பண்றதுதான்னு நீங்க சொன்னீங்க. நானும் தலையாட்டினேன். உங்க மேல மட்டும் பழி போடல.” அவள் காலியாக நின்ற நாற்காலியைக் காட்டினாள். “இல்லாத குறையைச் சொல்லி வாங்குற வசதி இனாம் இல்ல. நெசமா அந்தக் குறை இருக்கறவங்க கையிலிருந்து பிடுங்கினது அது. இடத்தைப் பிடுங்கினது மட்டும் இல்ல, அவங்க சொன்னா நம்பறதுக்கு ஆளில்லாமப் பண்ணிட்டோம். நானே இந்தப் பொண்ணை நம்பல. கால் வெந்தப்புறம்தான் நம்பினேன்.”

 கோட்டுக்காரர் மெல்ல எழுந்தார். சக்கர நாற்காலியைச் சுவரோரம் தள்ளிவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் போய்ப் பொது வரிசையில் நின்றுகொண்டார்.

சூப்பர்வைசர் தாளில் ஒரு பெயரை அடித்து, ஒரு பெயரை எழுதினார். “உங்களை விமானத்துல ஏத்தக்கூடாதுன்னுதான் விதி,” என்றார் மீட்டரம்மாவிடம். “போங்க. வரிசையில கடைசியா நில்லுங்க. முதல் வரிசை கிடையாது.”

“சரிங்க சார்.”

அவள் கழிப்பறைக்குப் போய்வந்து வரிசையின் கடைசியில் நின்றாள். மாப்பிள்ளை அவளுக்குப் பதினைந்து பேருக்கு முன்னால், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான்.

விமான நிலைய நர்ஸ் வந்து பாதத்துக்கு மருந்து போட்டுக் கட்டினாள். அப்பா அலுவலகத்துக்கு மறுபடி போன் பண்ணி, “வந்துடறோம் சார், வந்துடறோம்,” என்று ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொன்னார். பிறகு மீசைக்காரர் அந்தப் பெண்ணின் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வரிசையை ஒட்டி வந்தார். மீட்டரம்மாவின் அருகே வந்ததும் அவராகவே கொஞ்சம் நிறுத்தினார்.

“என்னை மன்னிச்சிரும்மா,” என்றாள் மீட்டரம்மா.

அந்தப் பெண் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. மீட்டரம்மாவின் கால்களைப் பார்த்தாள். தரையில் ஊன்றி நிற்கும் இரண்டு பாதங்களையும், ஒன்றிலிருந்து மற்றதற்கு உடம்பின் பாரம் மாறுவதையும், வெகுநேரம் போலத் தோன்றும்வரை பார்த்தாள். பிறகு தன் கைகளால் சக்கரத்தைத் தானே முன்னால் தள்ளினாள். மீசைக்காரர் அவசரமாகப் பின்தொடர்ந்தார். ஒரு வார்த்தையும் சொல்லாமல் அவள் கதவைத் தாண்டிப் போய்விட்டாள்.